பெயரை வாங்கினால் வரிசையும் கூடவே வரும்: நேம்டு டூப்பிள், ஒரு பயனரின் விமர்சனம்

பாலின் கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) இடம் மாறிக் கிடந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது. ஒரு பால் சங்கத்துக்காக எழுதிக் கொடுத்த சின்ன பைத்தான் புரோகிராம். காலையும் மாலையும் உறுப்பினர்கள் பால் ஊற்றும்போது லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப் மூன்றையும் பாலைச் சோதிக்கும் அனலைசர் மெஷினிலிருந்து வாங்கி, விலைப்பட்டியலைப் பார்த்து, தொகை போட்டு, சீட்டு அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அளவெடுக்கும் ஃபங்ஷன் மூன்று எண்களை ரிட்டர்ன் செய்தது. சீட்டு அடிக்கும் இடத்தில் அவற்றைச் சரியாக வாங்கிக்கொண்ட நான், விலை போடும் இடத்தில் கடைசி இரண்டையும் மாற்றி வாங்கிவிட்டேன். இரண்டுமே தசம எண்கள், இரண்டுமே பத்துக்குள் அடங்குபவை, பைத்தானுக்கு என்ன தெரியும், அது பாட்டுக்கு ஓடியது. சீட்டில் கொழுப்பு 4.2, எஸ்.என்.எஃப் 8.3 என்று அழகாகத்தான் வந்தது. விலைதான் யார் ஊற்றினாலும் ஒன்றாகவே வந்தது, ஏனென்றால் எஸ்.என்.எஃப் 4.2 என்ற ஒன்று பட்டியலிலேயே கிடையாது, எல்லோரும் கடைசிப் படியில் போய் விழுந்தார்கள். சோதனை ஓட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சங்கச் செயலாளர், "தம்பி, என் பாலுக்கும் தண்ணி கலந்த பாலுக்கும் ஒரே விலையா?" என்றார். நானோ விலைப்பட்டியலில்தான் தப்பு என்று ஒன்றரை நாள் அதையே குடைந்துகொண்டிருந்தேன்.

இந்த வியாதிக்கு மருந்து என்று பைத்தான் எழுதுகிற யாரைக் கேட்டாலும் முதலில் கைகாட்டுவது நேம்டு டூப்பிளைத்தான். மதிப்புகளை வரிசையாக ஒன்றாகக் கட்டி வைப்பது டூப்பிள், அந்த ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பெயரும் (ஃபீல்டு) ஒட்டினால் நேம்டு டூப்பிள். நானும் அதைத்தான் எடுத்தேன், சில வருஷங்கள் எல்லா இடத்திலும் அதையே போட்டேன். இப்போது அதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று தோன்றுகிறது. புதிதாக வந்த பொருள் ஒன்றுமில்லை, 2008-இல் பைத்தான் 2.6-உடன் வந்தது, செய்தவர் ரேமண்ட் ஹெட்டிங்கர். விலை கிடையாது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம், கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பெயரும் சில ஃபீல்டு பெயர்களும் கொடுத்தால் ஒரே வரியில் ஒரு கிளாஸ் செய்து கையில் கொடுத்துவிடும்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். கீழே எடுத்துக்காட்டுகளில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். விளையாட்டுக்காக இல்லை, பைத்தான் 3-இல் இது உண்மையாகவே ஓடும். வேலையில் அப்படி எழுதுவதில்லை, நாலு எழுத்துக்கு ஒருமுறை விசைப்பலகையை மாற்றினால் கை ஒடிந்துவிடும்.

பழைய முறையில் நான் எழுதி மாட்டிக்கொண்ட வரி இது:

லிட்டர், எஸ்என்எஃப், கொழுப்பு = அளவெடு(கேன்)

நேம்டு டூப்பிளுக்கு மாறிய பிறகு:

அளவு = அளவெடு(கேன்)
தொகை = விலை(அளவு.கொழுப்பு, அளவு.எஸ்என்எஃப்) * அளவு.லிட்டர்

இரண்டாவதைப் படிக்கிறவருக்கு ஃபங்ஷனுக்குள்ளே போய் எது முதலில் வருகிறது என்று எட்டிப் பார்க்கிற வேலை இல்லை. பிழை தேடும்போது பிரின்ட் போட்டாலும் அப்படித்தான். வெறும் டூப்பிள் (6.5, 4.2, 8.3) என்று மூன்று எண்ணைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். இது பால்அளவு(லிட்டர்=6.5, கொழுப்பு=4.2, எஸ்என்எஃப்=8.3) என்று தன் வாயாலேயே சொல்லிவிடும். இரவு பதினொரு மணிக்கு லாக் ஃபைலைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும், இந்த ஒன்றுக்காகவே நான் இதற்குப் பாதி மார்க் கொடுத்துவிடுவேன்.

மற்ற நல்ல குணங்களையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை உருவாக்கிவிட்டால் உள்ளே இருக்கும் மதிப்பை யாரும் மாற்ற முடியாது. விலை போடும் ஃபங்ஷன் போகிற போக்கில் கொழுப்பை ரவுண்டு செய்து திரும்ப அதிலேயே எழுதிவிடுகிற வேலையெல்லாம் நடக்காது, உடனே பிழை வரும். நினைவகத்திலும் சிக்கனம்தான். ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக, பெயரையும் மதிப்பையும் ஜோடியாக வைக்கிற ஒரு டிக்‌ஷனரியைச் சுமக்காமல், வெறும் டூப்பிள் பிடிக்கிற இடத்தையே பிடிக்கிறது, ஃபீல்டு பெயர்கள் கிளாஸில் ஒருமுறைதான் இருக்கும். லட்சக்கணக்கில் வரிசைகள் வரும் வேலையில் இது பெரிய விஷயம், நம் சங்கத்துக்கு வருகிற முந்நூறு சீட்டுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அப்புறம் ஹேஷ் ஆகும், அதாவது உள்ளே இருப்பதிலிருந்து ஓர் அடையாள எண் எடுக்கலாம், ஆகவே டிக்‌ஷனரிக்குச் சாவியாகப் போடலாம்.

எல்லாவற்றையும் விட இதன் பெரிய பலம் என்று சொல்லப்படுவது, பழைய புரோகிராம் உடையாது என்பது. நேம்டு டூப்பிள் என்பதும் ஒரு டூப்பிள்தான். ஏற்கெனவே வெறும் டூப்பிள் ரிட்டர்ன் செய்துகொண்டிருந்த ஃபங்ஷனை இதற்கு மாற்றினால், பழையபடி தனித்தனி மாறிகளில் பிரித்து வாங்குகிறவர்கள் பிரித்தே வாங்கலாம், அளவு[1] என்று எண் போட்டு எடுத்தவர்கள் அப்படியே எடுக்கலாம், புதிதாக எழுதுகிறவர்கள் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்கும் தொந்தரவு இல்லை.

தொந்தரவு எனக்கு ஆரம்பித்ததே அங்கேதான். தீபாவளித் தள்ளுபடியில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று தலையில் கட்டுவார்களே, அது மாதிரி. எனக்கு வேண்டியிருந்தது பெயர் மட்டும். கூடவே வரிசையும் வந்துவிட்டது, அதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

என் முதல் பிழையையே எடுத்துக்கொள்ளுங்கள். நேம்டு டூப்பிளுக்கு மாறியதால் அது தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மூன்று மாதம் கழித்து என்னோடு சேர்ந்து எழுதிய பையன் ஒருவன் அதே லிட்டர், எஸ்என்எஃப், கொழுப்பு என்ற வரிசையில் பிரித்து வாங்கி அதே பிழையை இன்னொரு ஃபைலில் புதிதாகச் செய்துவைத்தான். "அண்ணா, பெயர்தான் இருக்கே, அது பார்த்துக்காதா?" என்று வேறு கேட்டான். பார்த்துக்கொள்ளாது. இடப்பக்கம் நீங்கள் எழுதும் மாறியின் பெயரும் உள்ளே இருக்கும் ஃபீல்டின் பெயரும் ஒன்றா என்று பைத்தான் ஒருநாளும் பார்ப்பதில்லை, இடம் மட்டும்தான் கணக்கு. உருவாக்குகிற இடத்திலும் இதே கதை. பால்அளவு(6.5, 8.3, 4.2) என்று மாற்றிக் கொடுத்தால் தப்பான எண்ணுக்குச் சரியான பெயரை ஒட்டி அனுப்பிவைக்கும், அது இன்னும் மோசம், ஏனென்றால் பெயர் ஒட்டியிருக்கிறது என்ற நம்பிக்கையில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பால்அளவு(லிட்டர்=6.5, கொழுப்பு=4.2, எஸ்என்எஃப்=8.3) என்று பெயர் சொல்லியே உருவாக்கலாம்தான், ஆனால் அப்படித்தான் உருவாக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த இதில் ஒரு சுவிட்ச் இல்லை.

அடுத்தது ஃபீல்டு கூட்டுவது. சங்கத்தில் கொஞ்ச நாள் கழித்து, அனலைசர் காட்டுகிற கலப்புத் தண்ணீர் சதவீதத்தையும் சீட்டில் போடச் சொன்னார்கள். நியாயமான கேள்வி, மெஷினும் அதைத் தருகிறது, நாம்தான் வாங்கிக்கொள்ளாமல் இருந்தோம். அதற்குள் சீட்டுக்கான நேம்டு டூப்பிளில் நாலு ஃபீல்டு இருந்தது, நாலாவது தொகை. ஐந்தாவதாகத் தண்ணீர் என்று கடைசியில் சேர்த்தேன். உடனே மூன்று இடத்தில் 'டூ மெனி வேல்யூஸ் டு அன்பேக்' என்று பைத்தான் கத்தியது. கத்தினால் பரவாயில்லை, கத்துகிற பிழை நல்ல பிழை. ஆனால் இரண்டு ஸ்கிரிப்டுகளில் தொகை கடைசியில்தானே இருக்கிறது என்று யாரோ, யாரோ என்ன நான்தான், சீட்டு[-1] என்று எழுதிவைத்திருந்தேன். அது கத்தவில்லை. தொகை இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றைய கூட்டுத்தொகையில் ஒரு உறுப்பினருக்கு ஆறரை லிட்டருக்கு மூன்று ரூபாய் ஐம்பது பைசா என்று வந்தது, பட்டுவாடா நாளுக்கு முன்பே கண்ணில் பட்டது என் புண்ணியம்.

நான் செய்த தப்புக்குக் கருவியைக் குறை சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அறிவியல் கணக்குகளுக்கான சைபை என்ற பைத்தான் நூலகத்தைக் கவனிக்கும் வரை. அதில் லின்ரெக்ரெஸ் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு, புள்ளிகளைக் கொடுத்தால் அவற்றின் ஊடே நேர்கோடு போட்டுத் தரும். சாய்வு, வெட்டு, ஆர் மதிப்பு, பி மதிப்பு, சாய்வின் திட்டப்பிழை என்று ஐந்தை ரிட்டர்ன் செய்கிறது. உலகம் முழுக்க ஆட்கள் அந்த ஐந்தையும் ஐந்து மாறிகளில் பிரித்து வாங்கிப் பழகிவிட்டார்கள். பிறகு 1.6 பதிப்பில் வெட்டின் திட்டப்பிழையையும் தர வேண்டும் என்று முடிவானபோது ஆறாவதாகச் சேர்க்க முடியவில்லை, சேர்த்தால் அத்தனை பேருடைய புரோகிராமும் ஒரே நாளில் உடையும். என்ன செய்தார்கள் தெரியுமா, பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் கிடைக்கும்படி வைத்துவிட்டார்கள். பிரித்தால் ஐந்து, பெயர் சொன்னால் ஆறு. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவருக்கு ஐந்து பதார்த்தம், சமையற்கட்டில் போய்ப் பெயர் சொல்லிக் கேட்டால் ஆறாவதும் உண்டு என்கிற கணக்கு. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே இந்த வரிசை கழுத்தில் கட்டின கல்லாகிவிட்டது என்றால் நான் எம்மாத்திரம்.

பைத்தானுக்குள்ளேயே இதற்கு ஒரு மூத்த உதாரணம் உண்டு. ஒரு ஃபைலின் விவரங்களைத் தருகிற ஓ.எஸ் ஸ்டாட் ஃபங்ஷன் ஆதியில் பத்து எண்கள் கொண்ட வெறும் டூப்பிளைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. ஃபைலின் அளவு வேண்டுமென்றால் [6], கடைசியாக மாற்றிய நேரம் வேண்டுமென்றால் [8]. பைத்தான் 2.2-இல்தான் பெயர் சொல்லி எடுக்கிற வசதி வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பத்து அப்படியே பத்தாகத்தான் இருக்கிறது, அப்புறம் சேர்ந்தவை எல்லாம் பெயருக்கு மட்டும்தான் பதில் சொல்லும். இதில் இன்னொரு வேடிக்கை, மாற்றிய நேரத்தைப் பெயர் சொல்லி எடுத்தால் தசமத்தோடு வரும், [8] என்று எடுத்தால் பழைய ஆட்களுக்காக முழு எண்ணாக வரும். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல், ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆள் எட்டிப் பார்க்கிறார்.

டூப்பிள் வம்சத்தில் பிறந்ததால் வருகிற மற்ற சில்லறைத் தொல்லைகளும் உண்டு. கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் வைத்திருக்கிற 'மாதிரி' என்று ஒரு வகை, குறைந்தபட்சமும் அதிகபட்சமும் வைத்திருக்கிற 'எல்லை' என்று ஒரு வகை, இரண்டிலும் 3.5, 8.5 என்று போட்டு இரண்டும் சமமா என்று கேட்டுப் பாருங்கள், ஆமாம் என்று சொல்லும். வகை வேறாயிற்றே என்ற கூச்சமே கிடையாது, உள்ளே எண்கள் ஒன்றானால் ஒன்றுதான். காலை + மாலை என்று எழுதினால் இரண்டு வேளைப் பாலும் கூடும் என்று எதிர்பார்ப்போம், ஆறு எண்கள் கொண்ட ஒரு நீள டூப்பிள் வரும். 'சரியா' என்ற ஃபீல்டில் ஃபால்ஸ் வைத்து ரிட்டர்ன் செய்தால், வாங்குகிற இடத்தில் ஒருவர் அந்த ஃபீல்டைப் பார்க்காமல் முழுப் பொருளையே இஃப் போட்டுச் சோதித்தார் என்றால் எப்போதும் ட்ரூதான், காலியாக இல்லாத டூப்பிள் எல்லாமே ட்ரூ.

ஜேசான், அதாவது புரோகிராம்கள் தங்களுக்குள் தரவு அனுப்பிக்கொள்கிற எழுத்து வடிவம், அந்த விஷயம்தான் என்னை நிஜமாகவே எரிச்சல்படுத்தியது. மொபைல் ஆப் எழுதுகிறவர் ஒருநாள் போன் செய்து, "சார், உங்க பக்கத்துலேர்ந்து வெறும் நம்பர் லிஸ்ட்தான் வருது, எது என்னன்னு எப்படிங்க தெரியும்?" என்றார். பெயரெல்லாம் வைத்துத்தானே அனுப்பினேன் என்று பார்த்தால், பைத்தானின் ஜேசான் மாட்யூல் நேம்டு டூப்பிளைச் சாதாரண டூப்பிளாகவே நினைத்து [6.5, 4.2, 8.3] என்று பட்டியலாக்கி அனுப்பியிருக்கிறது. பெயருக்காகவே வாங்கின பொருள், வாசல் தாண்டியதும் பெயரைக் கழற்றி வைத்துவிட்டது. இதற்கு வழி இருக்கிறது, ஆஸ்டிக்ட் என்ற மெத்தடைக் கூப்பிட்டு டிக்‌ஷனரியாக மாற்றி அனுப்ப வேண்டும். ஆனால் அந்த மெத்தடின் பெயர் அண்டர்ஸ்கோரில் ஆரம்பிக்கிறது. பைத்தானில் அண்டர்ஸ்கோரில் ஆரம்பித்தால் வெளியாட்கள் தொடாதே என்று அர்த்தம், இங்கே மட்டும் அந்த அர்த்தம் இல்லை, நம் ஃபீல்டு பெயர்களோடு மோதக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும், இதைத் தொடலாம், தொட்டால் ஒன்றும் ஆகாது என்று நான் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. ஒரு ஃபீல்டை மட்டும் மாற்றிப் புதுப் பிரதி எடுக்கிற ரீப்ளேஸும் அதே கதி. பைத்தான் 3.13-இல் காப்பி மாட்யூலுக்குள் இதற்குப் பொதுவாக ஒரு ரீப்ளேஸ் வந்துவிட்டது, இனி அந்த அண்டர்ஸ்கோரைத் தொட வேண்டியதில்லை.

மாற்று என்ன இருக்கிறது என்று தேடாமல் இல்லை. டிக்‌ஷனரியே போதுமே என்பவர்கள் உண்டு, அளவு["கொழுப்பு"] என்று ஒவ்வொரு முறையும் கொக்கியும் மேற்கோள் குறியுமாக அடிப்பதில் எனக்குப் பொறுமை இல்லை. அதை விட எளிமையான ஒன்று பைத்தான் உலகத்தில் ரொம்ப நாளாகவே உலவுகிறது. 2001 வாக்கில் ஆலெக்ஸ் மார்டெல்லி பஞ்ச் என்ற பெயரில் ஒரு குட்டிக் கிளாஸை எழுதிப் போட்டார். உள்ளே ஒரே ஒரு வேலைதான், பெயர் சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் அப்படியே பொருளின் சொந்த டிக்‌ஷனரியில் கொட்டிவிடும். மூன்று வரியில் முடிந்துவிடுகிற அதை அன்றிலிருந்து ஆளுக்கு ஆள் தங்கள் புரோகிராமில் ஒட்டவைத்துக்கொண்டார்கள். இயந்திரக் கற்றலுக்கான சைகிட் லேர்ன் நூலகத்தில் ஐரிஸ் பூ டேட்டாவை ஏற்றியவர்கள் எல்லோரும் தெரியாமலே அதன் உறவுக்காரரைப் பார்த்திருப்பார்கள், 150 பூக்களின் அளவுகளையும் இனப் பெயர்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு வருகிற பொருளின் பெயரும் பஞ்ச்தான், அது டிக்‌ஷனரியாகவும் நடக்கும், புள்ளி வைத்துப் பெயர் சொன்னாலும் கொடுக்கும்.

அந்தப் பஞ்சுக்கு அரசாங்க முத்திரை குத்தின மாதிரி பைத்தான் 3.3-இல், 2012-இல், டைப்ஸ் மாட்யூலுக்குள் சிம்பிள் நேம்ஸ்பேஸ் வந்தது. எனக்கு இதன் மேல் ஒரு தனிப் பிரியம். கிளாஸ் முன்கூட்டி அறிவிக்க வேண்டாம், ரிட்டர்ன் செய்கிற வரியிலேயே லிட்டர்=6.5, கொழுப்பு=4.2 என்று எழுதி அனுப்பிவிடலாம். வரிசை என்ற பேச்சே கிடையாது, எண் போட்டு எடுக்க முடியாது, பிரித்து வாங்க முடியாது, ஆறாவது ஏழாவது என்று எத்தனை கூட்டினாலும் ஒருவருக்கும் வலிக்காது. பெயர் சொல்லாமல் உருவாக்கவும் முடியாது, ஆக என் பிழை இங்கே வர வழியே இல்லை. அப்புறம் ஏன் இதையே பயன்படுத்தவில்லை என்றால், இது ரொம்பவும் நல்லவன், யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளும். ஒருநாள் அளவு.கொளுப்பு = 4.1 என்று அவசரத்தில் அடித்துவிட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் கொளுப்பு என்று புதிதாக ஒரு ஃபீல்டைத் திறந்து வைத்துக்கொண்டது. பழைய கொழுப்பு பழைய மதிப்போடு அப்படியே இருந்தது, திருத்தம் எங்கே போயிற்று என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். நேம்டு டூப்பிளாக இருந்தால் அந்த வரியிலேயே செவிட்டில் அறைந்திருக்கும்.

இவை இரண்டின் நடுவில் வந்து நிற்கிறது டேட்டாகிளாஸ், ஃபீல்டுகளைப் பட்டியலிட்டால் போதும், கிளாஸின் மற்ற வழக்கமான வரிகளைத் தானே எழுதிக்கொள்ளும். எரிக் ஸ்மித் முன்மொழிந்து 2018-இல் பைத்தான் 3.7-உடன் வந்தது. எழுதக் கூடுதலாக நாலு வரி ஆகும். ஃப்ரோசன் என்று சொல்லிவிட்டால் யாரும் மாற்ற முடியாது, 3.10-லிருந்து ஸ்லாட்ஸ் என்று சொன்னால் பொருளுக்கு ஒரு டிக்‌ஷனரி என்கிற சுமையும் போய்விடும், அதே 3.10-இல் வந்த இன்னொரு சுவிட்சைப் போட்டால் பெயர் சொல்லித்தான் உருவாக்கியாக வேண்டும். இந்தக் கடைசியைத்தான் நான் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தேன். பிரித்து வாங்க முயன்றால் இது பிரிக்கக்கூடிய பொருள் இல்லை என்று பிழை வரும், என்னோடு எழுதின அந்தப் பையனுக்கும் எனக்கும் சேர்த்துப் பூட்டு போட்டாயிற்று. வகை வேறானால் சமம் என்று சொல்லாது. ஜேசானுக்கு நேரே கொடுத்தால் முடியாது என்று மறுத்துவிடும், பெயரைத் தின்றுவிட்டு எண்ணை மட்டும் அனுப்புவதை விட மறுப்பது எவ்வளவோ தேவலை. குறை என்றால், ஃப்ரோசன் போட்டால் உருவாக்கும் வேகம் குறையும், டிக்‌ஷனரியாக மாற்றித் தரும் அதன் ஆஸ்டிக்ட் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் ஆழமாகப் பிரதி எடுப்பதால் பெரிய பொருள்களில் மெதுவாக இருக்கும். எனக்கு அந்த அளவுக்கு வேலை வந்ததில்லை.

டைப்பிங் மாட்யூலில் கிளாஸ் மாதிரியே எழுதுகிற இன்னொரு நேம்டு டூப்பிள் இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். 3.6-லிருந்து அப்படி எழுதலாம். எழுதவும் படிக்கவும் அது அழகு, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் வகையும் எழுதலாம். ஆனால் உள்ளே இருப்பது அதே டூப்பிள், சட்டைதான் புதுசு. கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் இரண்டுமே ஃப்ளோட், அதாவது தசம எண், என்பதால் வகை பார்க்கிற கருவியும் என் பிழையைப் பார்த்துவிட்டுச் சரிதான் என்று போய்விடும். சி ஷார்ப் என்ற வேறொரு மொழியில் எழுதும் நண்பரிடம் புலம்பினேன், அங்கேயும் 2017-இல் டூப்பிளுக்குப் பெயர் வைக்கிற வசதி வந்ததாம், அதிலும் பிரித்து வாங்கும்போது இடத்தைத்தான் பார்க்குமாம், பெயரை இல்லை. ஊருக்கு ஊர் இதே கதை என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆக, நேம்டு டூப்பிளுக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். ஏற்கெனவே டூப்பிள் ரிட்டர்ன் செய்துகொண்டிருக்கிற, நாலு பேர் நம்பியிருக்கிற பழைய ஃபங்ஷனைச் சரிசெய்ய இதைவிட நல்ல பொருள் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு போடலாம். வரிசைக்கு நிஜமாகவே அர்த்தம் இருக்கிற இடத்திலும் இது அருமை. அனலைசர் மெஷின் தருகிற, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த சி.எஸ்.வி ஃபைலில் பத்திகளின் வரிசை மெஷின்காரர் வைத்தது, நாம் மாற்ற முடியாது. அங்கே ஒவ்வொரு வரியையும் மேக் மெத்தடில் கொடுத்து நேம்டு டூப்பிளாக்கிவிடுவேன், இதற்கும் பெயரில் அண்டர்ஸ்கோர் உண்டு, என்ன செய்ய. இரண்டே மதிப்பு, அதுவும் வகுத்தலில் வருகிற ஈவும் மீதியும் போல ஊரறிந்த ஜோடி என்றால் வெறும் டூப்பிளே போதும், அதற்கெல்லாம் பெயர் சூட்டு விழா நடத்த வேண்டியதில்லை. புதிதாக ஒரு ஃபங்ஷன் எழுதி, அது மூன்று நாலு மதிப்பைத் தரப்போகிறது, நாளைக்கு ஐந்தாவது வரும் என்று மனசுக்குப் படுகிறது என்றால் டேட்டாகிளாஸுக்குப் போய்விடுங்கள், நாலு வரி கூட அடிப்பதில் கை ஒன்றும் தேய்ந்துவிடாது. ஒருநாள் ஆயுசுள்ள ஸ்கிரிப்ட் என்றால் சிம்பிள் நேம்ஸ்பேஸ், எழுத்துப் பிழை வராமல் அடிப்பவராக இருந்தால்.

சங்கத்துப் புரோகிராமில் அளவும் சீட்டும் இப்போது டேட்டாகிளாஸ் ஆகிவிட்டன. மாற்றின அன்று இண்டெக்ஸ் போட்டு எடுத்த இடமெல்லாம் வரிசையாகப் பிழை கக்கியது, ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்தினேன், அந்த [-1] இரண்டும் சேர்த்து. மாதக் கடைசியில் மட்டும் ஓடுகிற அறிக்கை ஸ்கிரிப்ட் ஒன்று சங்கத்துக் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு ஃபோல்டரில் கிடக்கிறது, அதில் என்ன எழுதிவைத்தேன் என்று நினைவில்லை. இன்றைக்குத் தேதி 28.